கனடா ஹீட்டரும் அம்மாவின் வாளியும்

மார்கழி பிறக்கப் போகிறதென்றால் வவுனியாவில் மீன்தொட்டி வைத்திருக்கும் நாலைந்து பேராவது எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். எந்த ஹீட்டரை நம்பி வாங்கலாம் என்று கேட்பார்கள். நான் மீன் கடைக்காரி இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஆனாலும் இந்த விஷயத்தில் என் சொல்லுக்கு ஊருக்குள் ஒரு மதிப்பு இருக்கிறது. எதை வாங்கினாலும் மூன்று நாள் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள் விடவேண்டும் என்று சொல்வேன். ஏதோ நானே கண்டுபிடித்தது போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன். அம்மா பக்கத்தில் நின்றால் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிப்பேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வன்னியில் மீனுக்கு ஹீட்டரா என்பார்கள். அவர்கள் மார்கழியில் வந்து பார்த்ததில்லை. மழை பிடித்து, குளங்களெல்லாம் நிரம்பி வான் பாய்ந்து, வாடைக்காற்றும் இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் சீமெந்துத் தரையில் கால் வைக்க முடியாது. மனிதர் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொள்ளலாம். கண்ணாடித் தொட்டிக்குள் நிற்கும் ஏஞ்சல் மீன் என்ன செய்யும்? உடம்பெல்லாம் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளி விழுந்து, ஒரு மூலையில் ஒதுங்கி, இரண்டு நாளில் மிதந்துவிடும்.

பக்கத்து வீட்டு ரீச்சர் மாற்றலாகிப் போகும்போது அந்தத் தொட்டியையும் ஆறு ஏஞ்சல் மீன்களையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். முதல் மார்கழியில் இரண்டு செத்தன. ஒவ்வொன்றையும் கொய்யா மரத்தடியில் புதைத்து, பூ வைத்து, இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்தேன். மிச்சம் நாலு. அடுத்த மார்கழியில் ஒன்றையும் சாகவிடமாட்டேன் என்று சாமி அறையில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. சத்தியம் செய்வது சுலபமாக இருந்தது.

எங்கள் வீடு பூவரசங்குளத்துக்குப் போகிற வழியில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அப்பா முல்லைத்தீவுக்கு பஸ் ஓட்டினார். அம்மா கோழிக்குஞ்சு பொரிக்க வைப்பார். கதவு போன பழைய அலுமாரி ஒன்றுக்குப் பலகை அடித்து, உள்ளே இரண்டு பல்பு மாட்டி, தண்ணீர்ச் சட்டி வைத்து, அம்மாவே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். அதற்குள் ஒரு வெப்பமானி தொங்கும். அம்மா குசினிக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அதைப் பார்ப்பார். எங்கள் முகத்தைக்கூட அவ்வளவு பார்த்திருக்கமாட்டார். "முட்டைக்குள்ள இருக்குற குஞ்சு, சூடா இருக்கு அம்மான்னு கத்துமா? நாமதான் பாக்கணும்" என்பார்.

அம்மா பேசுகிற தமிழ் வேறு என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அப்பாவும் நானும் "ஓம்" என்போம், அம்மா "ஆமா" என்பார். நாங்கள் "மூண்டு" என்றால் அம்மாவுக்கு அது "மூணு". ஒரு வீட்டில் இரண்டு வானொலி போல இரண்டு தமிழும் ஒன்றாகப் பாடிக்கொண்டிருந்தன. அதில் எந்த வித்தியாசமும் எனக்குத் தோன்றவில்லை.

வித்தியாசம் கண்டவர் கனடாவில் இருந்தார். அப்பாவின் அண்ணர், என் பெரியப்பா. அப்பாவின் கலியாணப் பேச்சு வந்தபோது அம்மாவின் ஆட்களைக் குறித்து அவர் ஒரு வார்த்தை சொன்னாராம். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்டவர்கள் மறக்கவில்லை, அதுவே போதும். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் அண்ணனுக்கும் தம்பிக்கும் கதை பேச்சு இல்லை. அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, காலமான அன்றைக்குத்தான் பெரியப்பா முதன்முதலாகத் தொலைபேசி எடுத்தார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கத் தொடங்கினார். இந்த வரலாறு எனக்குக் கலியாண வயது வந்தபிறகுதான் சொல்லப்பட்டது. வெளிநாட்டு அழைப்பு மலிவாகிவிட்டதால் பெரியப்பா எடுக்கிறார் என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளைக்குப் பெரியப்பா என்ன அனுப்ப?"

பொம்மை, சொக்லேட் என்று ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. "ஹீட்டர்" என்றேன்.

"வவுனியாவிலையோ ஹீட்டர்?" என்று கேட்டார்.

"எனக்கில்லை பெரியப்பா, மீனுக்கு."

அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பெரியப்பா சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பா அண்ணரின் சிரிப்பைக் கேட்டது அன்றைக்குத்தான் என்று இப்போது கணக்குப் பார்த்தால் தெரிகிறது.

ஐப்பசியில் பார்சல் வந்தது. சவர்க்காரம், சொக்லேட், அப்பாவுக்கு ஒரு சேட், அதற்கு அடியில் நீளமான ஒரு பெட்டி. பெட்டியின் மேல் தங்கநிற மீன் ஒன்று படமாக நீந்திக்கொண்டிருந்தது. இன்னொரு பொதியில் மெல்லிய நீலச் சால்வை. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் "தங்கச்சிக்கு" என்று தமிழில் எழுதியிருந்தது. எல்லோரும் ஹீட்டரைச் சுற்றி நிற்க, அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீல நிறம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலை கால் தெரியவில்லை. கனடாவிலிருந்து என் மீனுக்கு ஹீட்டர் வந்திருக்கிறது என்று ஆறாம் வகுப்பு முழுவதற்கும் அறிவித்தேன். உன் மீனுக்குக் காய்ச்சலோ என்று ஒருத்தி கேட்டாள். அவளை ஒரு கிழமை என் பக்கத்தில் இருத்தவில்லை.

வீட்டில் ஒரு சிக்கல் வந்தது. ஹீட்டரின் பிளக் தட்டையான இரண்டு காலோடு இருந்தது. நம் சுவரில் அது போகாது. அப்பா பட்டணத்திலிருந்து அதற்கு ஒரு அடப்டர் வாங்கிவந்து, சுவரில் குத்தி, நேரே தொட்டிக்குள் விடத் தயாரானார். அம்மா நடுவில் வந்து நின்றார்.

"மூணு நாள் வாளியில போட்டுப் பாத்துட்டு விடலாங்க."

"என்ர அண்ணர் அனுப்பினதுக்குப் பரீட்சையோ?" என்றார் அப்பா.

"அத்தானுக்கு இல்லைங்க, ஹீட்டருக்கு." பெரியப்பாவை அம்மா அத்தான் என்றுதான் சொல்வார்.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கும் அம்மாமேல் கோபம் வந்தது. கடல் தாண்டி வந்த சாமானை, கோழிப் பெட்டி செய்கிறவர் சந்தேகப்படுகிறாரே என்று இருந்தது. ஆனால் அப்பாவுக்கு பஸ் எடுக்க நேரமாகிவிட்டது. அவர் போன கையோடு அம்மா நீல வாளியில் தண்ணீர் நிரப்பி, கோழிப் பெட்டியின் வெப்பமானியைக் கழற்றி அதற்குள் தொங்கவிட்டார். இருபத்துநாலு காட்டியது. ஹீட்டரைத் தண்ணீருக்குள் இறக்கி, சுவிட்சைப் போட்டார். குழாயின் தலையில் செம்மஞ்சள் விளக்கு ஒன்று பளிச்சென்று எரிந்தது. நான் கை தட்டினேன்.

அம்மா கை தட்டவில்லை. ஒரு பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு வாளிக்கு முன்னால் உட்கார்ந்தார். இருபத்தாறில் அணையவேண்டும் என்று வைத்திருந்தார். இருபத்தாறு வந்தது, போனது. முப்பது வந்தது. விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அரை மணித்தியாலத்தில் முப்பத்தைந்து. நான் வாளிக்குள் விரலை விட்டுப் பார்க்கப் போனேன், அம்மா கையில் ஓர் அடி போட்டார். கரண்ட் ஓடுகிற தண்ணீரில் கை வைக்காதே என்று அவர் சொன்னதை இன்றைக்கு நான் என் வகுப்பில் சொல்கிறேன். நாற்பது தாண்டியபோது "டிக்" என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. கண்ணாடிக் குழாயின் உட்பக்கம் லாம்புச் சிமினி போலக் கறுத்துவிட்டது.

அம்மா முதலில் பிளக்கைக் கழற்றினார், பிறகுதான் ஹீட்டரை எடுத்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். பெட்டியில் 110 என்று இருந்தது. கோழிப் பெட்டியின் பல்பைக் கழற்றிப் பார்த்தார். அதில் 230.

"அவங்க ஊரு கரண்டு வேற போல, புள்ள. இது நம்ம கரண்டைத் தாங்காது."

இதை விளங்கிக்கொள்ள மற்றவர்களுக்குப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு ஒரு பல்பு போதுமாக இருந்தது. என் நாலு மீனும் அந்தத் தண்ணீரில் இருந்திருந்தால் மிளகாய்த்தூளும் புளியும் போட்டு இறக்கவேண்டியதுதான். அதுவரை கனடாவைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்கு வாளிக்கு முன்னால் இருந்த அம்மாவைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். உடனே போய் ஊருக்கெல்லாம் சொல்ல எழும்பினேன்.

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து இருத்தினார். "பெரியப்பாகிட்ட இதைச் சொல்லக்கூடாது."

"ஏன்? அவர்தானே பிழையாய் அனுப்பினவர்."

"சொல்லக்கூடாதுன்னா சொல்லக்கூடாது."

"அப்பாட்டையும் சொல்லக்கூடாதோ?"

"அதை நான் பாத்துக்கிறேன்" என்றார். கறுத்துப்போன ஹீட்டரைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, துணி அலுமாரியின் மேல் ஏற்றிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போனார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் கடைக்காரரின் வளர்ப்பு மீன் கடை இருந்தது. நானா மூன்று வகை ஹீட்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று இலக்கம் ஒளிரும் முகப்போடு டிஸ்கோ போல மின்னியது. இன்னொன்று தடித்த, பெரிய குழாய். மூன்றாவது பென்சிலை விடக் கொஞ்சம் தடிப்பான, அழகில்லாத சின்னது. நான் மின்னுவதைக் கேட்டேன். அம்மா கடைக்காரரிடம் மூன்று வாளி கேட்டார்.

"என்ன தங்கச்சி, இது மீன் கடையா, ஆஸ்பத்திரியா?" என்றார் நானா. ஆனால் நல்ல மனிதர், வாளிகள் வந்தன.

அம்மா தன் கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்தார். கோழிப் பெட்டி அன்றைக்கு வெறுமையாக இருந்ததால் அதற்கு விடுமுறை. ஒவ்வொரு ஹீட்டரின் தலையிலும் ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தார். வயர் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவினார். கண்ணாடியில் தண்ணீர் எதுவரை நிற்கவேண்டும் என்ற கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மூன்றையும் தண்ணீரில் போட்டுவிட்டு, கடைக்குள் கிடந்த ஒரு கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருந்தார். நான் அதற்குள் கடையிலிருந்த எல்லா மீனுக்கும் பெயர் வைத்துவிட்டேன்.

மின்னுகிறது இருபத்தாறு என்று காட்டியபோது வெப்பமானி இருபத்தொன்பது காட்டியது. பெரிய குழாய் சூடாக்கியது, அணைந்தது, தண்ணீர் ஆறியபின் திரும்ப எரியவே இல்லை. சின்னது மட்டும் சொன்ன இடத்தில் அணைந்து, ஆறினதும் எரிந்து, திரும்ப அணைந்தது.

"எரியறது பெரிசில்ல நானா. நேரத்துக்கு அணையிறதுதான் பெரிசு" என்றார் அம்மா. சின்னதில் இரண்டு கேட்டார்.

"ஒரு தொட்டிக்கு ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு கெட்டுப்போனா மத்தது காப்பாத்தும். ஒண்ணு அணையாம நின்னாலும், இவ்வளவு சின்னதால மீனை அவிக்க முடியாதுல்ல."

நானா தன் கடைப் பெடியனைக் கூப்பிட்டு, அடுத்த தடவை சாமான் வரும்போது சின்னதைக் கூடுதலாய் எடு என்றார். அந்தக் கடையில் அப்போது எனக்கு வந்த திமிரைச் சொல்லி முடியாது. என் அம்மா, என் அம்மா என்று எல்லோருக்கும் சொல்லவேண்டும் போல் இருந்தது. வீட்டுக்கு வந்தும் அந்த இரண்டும் மூன்று நாள் வாளியில்தான் கிடந்தன. அம்மா கலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, மாலை ஒன்று என்று இலக்கம் எழுதினார். எல்லாம் இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு. ஒரே ஓர் இருபத்தைந்து. நாலாம் நாள்தான் அவை தொட்டிக்குள் போயின.

அந்த மார்கழியில் என் நாலு மீனும் தப்பின. தப்பியது மட்டுமில்லை, அதில் ஒரு சோடி பிளாஸ்டிக் செடியின் இலையில் முட்டையும் இட்டது. "இதுங்களுக்கு என்னோட பெட்டி வேணாம் போல" என்று அம்மா சிரித்தார்.

என் சந்தோஷத்தில் மண் போட்டது ஞாயிற்றுக்கிழமைகள்தான். பெரியப்பா எடுப்பார். "ஹீட்டர் வேலை செய்யுதோ?" என்று முதல் கேள்வியாகக் கேட்பார். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஓம் அத்தான், நல்லா வேலை செய்யுது. மீனெல்லாம் சுகமா இருக்குதுங்கோ" என்பார். பெரியப்பாவோடு பேசும்போது மட்டும் அம்மாவின் "ஆமா" காணாமல் போய்விடும். ஒவ்வொரு சொல்லாக எடுத்து, வழுக்குகிற வரம்பில் நடப்பவர் போலப் பேசுவார். எனக்கு வயிறு எரியும். மீனைக் காப்பாற்றியது அம்மா, பெயர் வாங்குவது கறுத்துப்போன கனடாக் குழாய். பொய் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே ஒவ்வொரு கிழமையும் ஒழுங்காகப் பொய் சொல்கிறார்.

அடுத்த மார்கழியில் பெரியப்பா நேரிலேயே வருகிறார் என்று செய்தி வந்தது.

அவர் வருகிற நாள் காலையில் அம்மா அலுமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கினார். செத்த ஹீட்டரைக் கழுவி, தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில், பார்த்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டவைத்தார். தன்னுடைய இரண்டு சின்ன ஹீட்டர்களையும் பின்னால் பிளாஸ்டிக் செடிகளுக்குள் ஒளித்தார். கனடா வயர் மேசைக்குப் பின்னால் இறங்கி எங்கும் போகாமல் தரையில் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"அம்மா, இது பச்சைப் பொய்."

"என்னா பொய்? அதுவும் இந்த வீட்டுலதானே இருக்கு?" என்றார். நீலச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

பெரியப்பா பெரிய ஆள். நாங்களெல்லாம் குளிரில் நடுங்க, அவர் வியர்த்துக்கொண்டு வந்தார். "இதுவோ உங்கட குளிர்?" என்று கேட்டு என் தலையைத் தடவினார். கதிரையில் இருக்காமல் நேரே தொட்டிக்கு முன்னால் போய், முழங்காலில் கை வைத்துக் குனிந்தார். தீனி போட வந்த ஆள் என்று நினைத்து நாலு மீனும் முன்னால் ஓடிவந்தன. அப்பா என்ன காரணத்தாலோ மேசையின் ஓரத்தில், சுவரில் சுவிட்ச் இருக்கிற இடத்தை மறைத்துக்கொண்டு, கோல் காப்பவர் போல இரண்டு காலையும் அகட்டி நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. அம்மா குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார்.

"அருமையாத்தான் இருக்கு. நல்ல சாமான் எண்டுதான் பாத்து எடுத்தனான்" என்றார் பெரியப்பா.

அவ்வளவுதான். ஒரு வருடமாகத் தொண்டைக்குள் நின்றது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல், ஆனால் உண்மையும் வெளியே வருகிற மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"பெரியப்பா, அதில லைட் எரியேல்லை. பாத்தீங்களோ?"

தேத்தண்ணித் தட்டில் கோப்பைகள் கிணுங்கின. அப்பா என்னைப் பார்த்த பார்வைக்கு இன்றைக்கும் எனக்குப் பெயர் தெரியாது. பெரியப்பா இன்னும் கொஞ்சம் குனிந்தார். கறுத்த குழாயைப் பார்த்தார். அதன் வயர் போகிற வழியே கண்ணால் போய், மேசைக் காலுக்குப் பின்னால் தரையில் கிடந்த தட்டையான பிளக்கில் நின்றார். பிறகு செடிகளுக்குள் பார்த்தார். அங்கே சின்னதாக இரண்டு செம்பொட்டு எரிந்துகொண்டிருந்தன. அவர் நிமிர்வதற்கு வெகு நேரம் எடுத்தது.

"சூடு போதும் எண்டா அது தானா அணைஞ்சிடும், பிள்ளை" என்றார். "நேரத்துக்கு அணையிறதுதான் நல்ல ஹீட்டர்."

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் பிளக் தரையில் கிடக்கிறது, அதுகூடத் தெரியவில்லையே, இவ்வளவு காலம் கனடாவில் இருந்து என்ன பிரயோசனம் என்று நினைத்தேன். அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பெரியப்பா கோப்பையை எடுத்துக்கொண்டு, "தங்கச்சி, நீங்கள் குஞ்சு பொரிக்கிற பெட்டியை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ" என்றார்.

அவர் மீன்தொட்டிக்கு முன்னால் நின்றது ஐந்து நிமிடம். கோழிப் பெட்டிக்கு முன்னால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். முட்டையை எத்தனை தரம் புரட்டவேண்டும், தண்ணீர்ச் சட்டி எதற்கு, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கேட்டார். அம்மா முதலில் "ஓம், ஓம்" என்றுதான் தொடங்கினார். கதை முட்டைக்குள் போகப் போக, அந்த வழுக்குகிற வரம்பை மறந்துவிட்டார். போகும்போது பெரியப்பா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். பிறகு, "போயிட்டு வாறன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

அவர் போன பிறகு செத்த ஹீட்டரை அலுமாரியின் மேல் ஏற்றி வைத்தது அப்பா. அதைப் பற்றி அம்மாவிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த இரகசியம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது என்று ஒரு வருடம் காவல் காத்தவள் நான். அந்த வீட்டில் காவலுக்கு ஏற்கெனவே ஆள் இருந்திருக்கிறது.

மாசி மாதம் இன்னொரு பார்சல் வந்தது. சொக்லேட் இல்லை, சவர்க்காரம் இல்லை. ஒரே ஒரு நீளப் பெட்டி. அதில் அச்சடித்திருந்த 230 என்ற இலக்கத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் இரண்டு தரம் வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் பெரியப்பாவின் எழுத்து: "தங்கச்சி பார்த்து ஓம் எண்டு சொன்ன பிறகு தொட்டிக்குள் விடவும்." அப்படியொன்று கனடாவில் கிடைக்காது என்றும், லண்டனில் இருந்த ஒரு சிநேகிதரைப் பிடித்து அதை எடுப்பித்திருக்கிறார் என்றும் பிறகு தெரியவந்தது.

பெரியப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வருடமாக அம்மா சொன்ன பொய்யும் பிடிபட்டுவிட்டது, காட்டிக் கொடுத்தது என் வாய். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அந்தச் சிவப்பு வட்டத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு எழும்பிப் போய் நீல வாளியில் தண்ணீர் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அம்மா அதை ஒரு கையால் எடுத்தார், மறு கை வாளிக்கு மேல் வெப்பமானியைப் பிடித்திருந்தது. நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"ஹீட்டர் வேலை செய்யுதோ, தங்கச்சி?"

"ஆமாங்க அத்தான்" என்றார் அம்மா. "ரெண்டு நாளா வாளியிலதான் கிடக்கு. நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

"ஓம் அம்மா, ஓம் எண்டு சொல்லுங்கோ" என்று காதுக்குள் அவசரமாகத் திருத்தினேன். அம்மா என்னைத் தோளால் தள்ளிவிட்டார். மறுமுனையில் பெரியப்பா பெரிதாகச் சிரிப்பது கேட்டது.

"ஆமாங்க, ஆமா" என்று அம்மாவும் சிரித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். பிடிபட்டுவிட்ட பதற்றத்தில் அம்மாவுக்கு "ஓம்" மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். பாவம் அம்மா என்றுகூட நினைத்தேன்.